கங்கைத் தண்ணீரைக் காய்ச்சினாரா, மூடிக் காய்ச்சினாரா?

நுண்ணோக்கி:
காலையில் கண் விழித்ததும் ஒரு வாட்ஸப் பகிர்வு. “பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், அதாவது ஃபேஜ், 1896 இல் கங்கைக் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது; வெள்ளைக்காரனுக்கு 20 வருடம் கழித்துத்தான் உறைத்தது.” அனுப்பியவர் இங்கேதான் உலவுகிறார். ஐயா, 1896 இல் அதை எழுதிய எர்னஸ்ட் ஹான்கினே வெள்ளைக்காரர்தான். ஆக்ராவில் ரசாயனப் பரிசோதகராக இருந்தவர். யமுனை, கங்கைத் தண்ணீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போகிறது என்று பாஸ்டர் நிறுவன இதழில் பிரெஞ்சில் எழுதினார். வைரஸ் என்று எங்கே சொன்னார்? ஆவியாகிப் போகும் ஏதோ ஒரு பொருள் என்றுதான் நினைத்தார். ஃபேஜைக் கண்டுபிடித்தவர்கள் என்றால் 1915 இல் ட்வார்ட், 1917 இல் டெரெல். அவ்வளவுதான்.

கோதண்டராமன்:
பெயர் சொல்லாமல் அடிப்பது உங்கள் பழக்கம். நான்தான் அனுப்பினேன். காய்ச்சாத தண்ணீரில் மூன்று மணி நேரத்துக்குள் கிருமி காலி. காய்ச்சினால் அந்தச் சக்தி போய்விட்டது. காய்ச்சினால் சாவது எது? உயிருள்ளது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நுண்ணோக்கி:
திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால்தான் போனது. வாயை ஒட்டி அடைத்த குழாயில் வைத்துச் சூடாக்கினால் போகவில்லை. அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஃபேஜாக இருந்தால் மூடினால் என்ன, திறந்தால் என்ன? சூட்டில் செத்திருக்கும். குக்கரில் மூடி வைத்தால் பருப்பு வேகாதா? 2011 இல் ஃபேஜ் ஆய்வாளர் ஏபிடனின் குழு இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, ஹான்கின் பார்த்தது ஃபேஜ் என்று சொல்ல முடியாது என்றுவிட்டது. மூடிய குழாய். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேப்பம்பூ:
முதலில் ‘கண்டுபிடிப்பு’ என்று எதைச் சொல்கிறீர்கள்? விளைவைப் பார்த்ததையா, காரணத்தைக் காட்டியதையா? அது தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

கோதண்டராமன்:
மூடி மூடி என்று பாத்திரக்கடை மாதிரி பேசுகிறீர்கள். ஃபேஜ் இங்கே இல்லை என்றால் டெரெல் 1927 இல் எதற்கு இந்தியாவுக்கு ஓடி வந்தார்?

நுண்ணோக்கி:
காலரா இங்கே இருந்ததால்.

கோதண்டராமன்:
சரி, விஞ்ஞானி எஸ்.என்.டே கதை தெரியுமா? கல்கத்தா, 1959. காலரா ஒரு நச்சைக் கக்கித்தான் ஆளைக் கொல்கிறது என்று முயல் குடலில் காட்டினார். நோபல் கொடுத்தார்களா? நமக்கு எதையும் தர மாட்டார்கள். ஏபிடனும் அந்த வெள்ளைக்காரக் கூட்டம்தானே.

நுண்ணோக்கி:
டே விஷயத்தில் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். ஆனால் டே குடலைக் கட்டி, ஊசி போட்டு, கண்முன்னே காட்டினார். யாரோ பார்த்த தண்ணீரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

நச்சு என்று எடுத்துவிட்டீர்கள், அதையும் முடித்துவிடுகிறேன். அந்த நச்சுக்கான மரபணு காலராக் கிருமியின் சொந்தச் சொத்தே இல்லை. ஒரு ஃபேஜ் உள்ளே வந்து கொடுத்துவிட்டுப் போனது. வால்டரும் மெகலானோஸும் 1996 இல் காட்டினார்கள். ஃபேஜ் வந்தால் கிருமி ஒழிந்தது, தீர்த்தம் காப்பாற்றியது என்று பகிர்கிறீர்களே, காலராவுக்கு விஷப்பல் கட்டிவிட்டதே ஒரு ஃபேஜ்தான்!

இன்னொன்று. ஐசிபி1 என்று ஒரு ஃபேஜ். டாக்காவில் காலரா நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்தது. பாக்டீரியாக்கள் ஃபேஜைத் தடுக்க வைத்திருக்கும் ஆயுதம் கிறிஸ்பர். 2013 இல் பார்த்தால் இந்த ஃபேஜின் கையில் அதே கிறிஸ்பர்! காலராக் கிருமி தன் மரபணுத்தொகுதியில் ஃபேஜை முடக்கும் ஒரு துண்டை வைத்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டத்தான் ஃபேஜ் இதை வைத்திருக்கிறது. திருடன் போலீஸ் லத்தியைப் பிடுங்கி போலீஸையே அடித்த கதை. பேச இவ்வளவு இருக்கும்போது 1896 ஐக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கங்கையில் ஃபேஜ் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பாக்டீரியா இருக்கும் எந்தத் தண்ணீரிலும் ஃபேஜ் இருக்கும். கூவத்திலும் இருக்கும்.

மயிலைக்காரன்:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். கங்கையையும் கூவத்தையும் ஒரே வரியில் வைக்க எப்படி மனசு வந்தது?

நுண்ணோக்கி:
கங்கையில் சாக்கடை கலக்கவில்லையா சார்?

மயிலைக்காரன்:
போன தடவை தயிர் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் எங்கள் வீட்டுத் தயிரைக் கேவலப்படுத்தினீர்கள். மறக்கவில்லை. என் பாட்டி கொண்டுவந்த காசிச் சொம்பு 30 வருடமாக அடைத்தபடியே பூஜை அறையில் இருக்கிறது. தண்ணீர் கெடவே இல்லை.

நுண்ணோக்கி:
திறந்து பார்க்காமல் கெடவில்லை என்று எப்படித் தெரியும்? அதுவும் மூடி கேஸ்தான். ஹான்கின் குழாயும் மூடி, பாட்டி சொம்பும் மூடி.

மயிலைக்காரன்:
பாட்டியை இழுக்காதீர்கள்.

நுண்ணோக்கி:
இழுத்தது நீங்கள்.

தமிழ்நெஞ்சன்:
ஃபேஜ், ஃபேஜ் என்று எழுதாமல் ‘நுண்ணுயிர் உண்ணி’ என்று எழுதினால் என்ன?

வேப்பம்பூ:
உண்ணி என்றால் மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருப்பது அண்ணே. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தவிர, ஃபேஜ் எதையும் உண்பதில்லை. மரபணுவை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது. ‘ஃபேஜ்’ என்றால் கிரேக்கத்தில் உண்பது; டெரெல் வைத்த அந்தப் பெயரே தப்பு. என் பழைய கேள்வி அப்படியே கிடக்கிறது.

தமிழ்நெஞ்சன்:
மாட்டுக்கு இருப்பது மாட்டுண்ணி. இது நுண்ணுயிர் உண்ணி. முன்னால் சொல் இருக்கிறதே, பார்க்கவில்லையா?

கோதண்டராமன்:
பேச்சை மாற்றாதீர்கள். காய்ச்சினால் சக்தி போனதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் நுண்ணோக்கி.

நுண்ணோக்கி:
மூடினால் போனதா, இல்லையா? நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

கோதண்டராமன்:
மூலக் கட்டுரையைப் படித்தீர்களா? பிரெஞ்சு தெரியுமா உங்களுக்கு?

நுண்ணோக்கி:
2011 இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நீங்கள் படித்தது வாட்ஸப்பில். அதில் மூடி வராது.

மயிலைக்காரன்:
கூவம் என்றதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

தமிழ்நெஞ்சன்:
‘வைரஸ்’ என்பதற்கும் ‘தீநுண்மி’ இருக்கிறது. யாரும் கண்டுகொள்வதில்லை.