தரை தொட்ட பிறகு கிளைடர் விமானி யார்?

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிற்றில் இழுத்துப்போய்க் கழற்றிவிட, படைகளோடு தரையில் இறங்கும். இரண்டாம் உலகப்போர் கிளைடர் விமானிகள் என்றாலே, பிரிட்டிஷ்காரன் இறங்கிச் சண்டை போட்டான், அமெரிக்கன் முகாமுக்குத் திரும்பிவிட்டான் என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். இதில் வீரம், கோழைத்தனம் என்ற கணக்கே கிடையாது. 1942-ல் தொடங்கிய பிரிட்டனின் கிளைடர் பைலட் ரெஜிமென்ட் தரைப்படையைச் சேர்ந்தது. விமானி முழுச் சிப்பாயாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் தளபதி ஜார்ஜ் சாட்டர்டனின் பிடிவாதம். ரைஃபிள், பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி, மோர்ட்டார், வயர்லெஸ், ஜீப் ஓட்டுவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க விமானிகள் விமானப்படை ஆட்கள். இறங்கியதும் ஓரிடத்தில் கூடி, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதே அவர்களுக்கு உத்தரவு. அடுத்த நடவடிக்கைக்கு ஆள் வேண்டுமே!

*

இறங்கிய பிறகு நடந்தது சரிதான். ஆனால் தரை தொடும் அந்தச் சில நொடிகளை விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் வேக்கோ கிளைடருக்கு எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, தளத்துக்கு ஒட்டுப்பலகை. விமானிகளின் இருக்கையோடு சேர்த்து மூக்கு மேல்நோக்கித் திறக்கும். வேலியிலோ மரத்திலோ முதலில் மோதுவது விமானி. முதுகுக்குப் பின்னால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஜீப். அதற்காகவே ஜீப்பிலிருந்து கப்பி வழியாக மூக்குக்கு ஒரு கயிறு கட்டுவார்கள். கட்டறுந்து ஜீப் முன்னால் பாய்ந்தால், அதே இழுப்பில் மூக்கு மேலே போய் வழிவிடும். சட்டம் நெளிந்து மூக்கு சிக்கிக்கொண்டால் கயிறு இருந்தும் பயனில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்த சிப்பாய்களுக்குப் பாராசூட் கிடையாது. பாராசூட் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர் கூடுதல். கிளைடரில் போன அமெரிக்கக் காலாட்படைக்கு 1944 நடுப்பகுதி வரை அதுவும் இல்லை. இத்தனைக்கும் அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர், அனுப்பப்பட்டவர்கள்.

*

இழுத்துச் செல்லும் விமானத்தின் பார்வையும் வேறு. 1943 ஜூலை 9 இரவு பிரிட்டிஷ் படையோடு இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் புறப்பட்ட 144 கிளைடர்களில் ஏறக்குறைய பாதி கடலில் விழுந்தன. கரையிலிருந்து பலத்த எதிர்க்காற்று. இழுத்துச் சென்ற அமெரிக்கப் போக்குவரத்து விமானமான சி-47-க்குக் கவசமும் இல்லை, குண்டு பட்டால் தானாக அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. அதனால் பீரங்கிச் சூட்டுக்குள் நுழைய அதன் விமானிகள் தயங்கினார்கள். கரையை எட்டாத தூரத்திலேயே பல கிளைடர்கள் கழற்றிவிடப்பட்டன. எஞ்சின் இல்லாதவனுக்கு உயரம்தான் எரிபொருள். எதிர்க்காற்று அதை மளமளவென்று தின்றுவிடும். இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கிப்போனார்கள். அமெரிக்க இழுவை விமானிகள்மேல் பிரிட்டிஷ்காரர்களுக்கு வந்த கசப்பு லேசில் போகவில்லை.

*

முழுச் சிப்பாய்க் கொள்கைக்கும் விலை உண்டு. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெமில் பிரிட்டனின் அந்தக் கிளைடர் ரெஜிமென்ட் 229 பேரை இழந்தது. பயிற்சி பெற்ற விமானிகளைக் காலாட்படையாகச் செலவழித்தால் அடுத்த முறை யார் ஓட்டுவது? ராயல் விமானப்படையிலிருந்து ஆட்களை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். போர் விமானம் ஓட்டும் ஆசையில் பயிற்சி முடித்தவர்கள் பலர். அவர்களைக் கிளைடரில் உட்காரவைத்துக் கையில் ரைஃபிளையும் கொடுத்தால் முகம் எப்படி இருக்கும்!

அதே ஆர்னெம் நடவடிக்கைக்குப் பிறகு, தரையில் கேட்பாரற்றுத் திரிந்த அமெரிக்கக் கிளைடர் விமானிகளைப் பற்றி அமெரிக்க வான்வழிப் படைத் தளபதி ஜெனரல் கேவின் புகார் எழுதினார். பலன் ரைன் நதிக்கரையில் தெரிந்தது. 1945 மார்ச் 24 அன்று அமெரிக்கப் போக்குவரத்து விமானப் பிரிவான 435-வது குழுவின் கிளைடர் விமானிகள் ஜெர்மனியின் வேசல் அருகே தனிக் கம்பெனியாக ஒரு சாலைச் சந்திப்பில் குழிவெட்டி நின்றார்கள். அன்றிரவு டாங்கியோடு வந்த ஜெர்மானியரை பசூக்கா என்ற டாங்கி எதிர்ப்பு ராக்கெட் குழாயும் இயந்திரத் துப்பாக்கியும் வைத்துத் தடுத்ததும் அவர்கள்தான்.