அந்தப் 18 பேர்: 2024 ஒலிம்பிக்குக்கு முன் அமெரிக்க மகளிர் கால்பந்து அணியை நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

வெண்பனி எழுதியது:

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க மகளிர் கால்பந்து அணி தயாராகிக்கொண்டிருந்த அந்த ஏழெட்டு வாரங்களில் அணியை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். தங்கம் வென்ற பிறகு எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள். வெல்வார்களா என்று யாருக்கும் தெரியாதிருந்தபோது நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூன் 4 அன்று, மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் உள்ள அலையன்ஸ் ஃபீல்டு மைதானத்தில் தென் கொரியாவுடன் நட்புப் போட்டி நடந்தது. எம்மா ஹேய்ஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபின் அணி ஆடிய இரண்டாவது ஆட்டம் அது. இங்கிலாந்தில் செல்சி அணியின் பருவத்தை முடித்துக்கொடுத்துவிட்டு மே மாதக் கடைசியில்தான் அவர் வந்து சேர்ந்திருந்தார். முந்தைய ஆண்டு உலகக் கோப்பையில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று, காலிறுதியைக்கூட எட்டாமல் திரும்பியிருந்த அணி அது. ஸ்வீடன் அடித்த கடைசிப் பந்து கோட்டைத் தாண்டியது சில மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்துக்கு அன்றைக்கு 51 நாட்களே மிச்சம் இருந்தன.

ஆட்டத்தை 3-0 என்று வென்றார்கள். மூன்றாவது கோலை அடித்த லிலி யோஹானஸுக்கு வயது 16. நாட்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான், மாற்று வீராங்கனையாக இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் கோல் போட்டுவிட்டார். எட்டு வயதான என் மகள் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

வாகன நிறுத்தம்வரை போனபிறகுதான் அவளுடைய தண்ணீர்ப் புட்டியை இருக்கையடியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வாசலில் இருந்தவரிடம் கெஞ்சி உள்ளே போனோம். மாடங்கள் ஏறக்குறையக் காலியாகிவிட்டன. துப்புரவுப் பணியாளர்கள் காகிதக் குவளைகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். களத்தில் ஐந்தாறு வீராங்கனைகள் ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கையில் நிறுத்துகடிகாரத்துடன் ஒருவர் நின்று நேரம் சொன்னார். பந்தே இல்லை. ஓடி வந்து, கோட்டில் கால் வைத்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடினார்கள். நாங்கள் நின்ற கம்பிக்கு மிக அருகில் வந்த ஒருவருடைய மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுந்தது. அன்று அவர்களில் எவரும் ஆடவில்லை, அல்லது கடைசிச் சில நிமிடங்களே ஆடியிருந்தார்கள்.

"அம்மா, இவங்க மட்டும் என்ன தப்பு செஞ்சாங்க?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர்ப் புட்டி அந்த இருக்கையடியிலேயே கிடைத்தது.

பந்துபொறுக்கி எழுதியது:

சகோதரி, அது தண்டனை அல்ல என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். நான் ஒரு சிறுவர் சங்கத்தில் துணைப் பயிற்சியாளன். எங்கள் மட்டத்திலேயே இதைச் செய்கிறோம். 90 நிமிடம் ஆடியவளின் உடல் ஓர் ஆட்டத்தின் பாரத்தைச் சுமந்துவிட்டது, பெஞ்சில் இருந்தவளின் உடல் சுமக்கவில்லை. இப்படியே இரண்டு மூன்று ஆட்டம் போனால், திடீரென்று அவளை இறக்கும்போது கால் ஈடுகொடுக்காது, தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆட்டம் முடிந்த கையோடு அந்த ஓட்டம். ஆடியவர்கள் குளித்துவிட்டு வரும்வரை ஆடாதவர்கள் ஓடுவார்கள். அதைப் பார்க்கக் கேலரியில் ஆளே இருக்காது என்பதுதான் கொஞ்சம் கொடுமை.

நான் பார்த்தது ஜூலை 13, நியூ ஜெர்சியின் ஹாரிசன் நகரில் மெக்சிகோவுடன் நடந்த ஆட்டம். அதே ஆண்டு பிப்ரவரியில் கோல்டு கப் போட்டியில் 2-0 என்று தங்களைத் தோற்கடித்த மெக்சிகோவை, சோஃபியா ஸ்மித் அடித்த ஒரே கோலில் அன்று வென்றார்கள். எனக்கு இடம் கிடைத்தது அமெரிக்க அணியின் பெஞ்சுக்குச் சற்று மேலே. பணம் கொடுத்து ஆட்டம் பார்க்கப் போனவன், பாதி நேரம் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சிச் சட்டை அணிந்த ஒரு வீராங்கனை எழுந்து கோட்டோரமாகப் போய், இடுப்பைத் திருப்பி, குதிகாலை உதைத்து, உடலைச் சூடேற்றிக்கொண்டு வந்து உட்காருவார். சற்று நேரம் கழித்து மறுபடி எழுவார். நான் எண்ணியவரை ஐந்து தடவை. அழைப்பு வரவேயில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே முழுமையாகச் செய்தார் என்பதை, சோம்பல் பிடித்த பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் நான் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலகக் கோப்பைக்கு 23 பேரைக் கூட்டிப்போகலாம். ஒலிம்பிக்கில் 18 பேர்தான், அதிலும் இரண்டு பேர் கோல்கீப்பர்கள். 4 பேர் காத்திருப்பில் இருப்பார்கள். கோல்கீப்பர்கள் போக மீதி 16 பேரைக் கொண்டு 17 நாட்களில் 6 ஆட்டங்கள் ஆடித்தான் தங்கத்தை எட்ட முடியும். ஆகவே ஒருவர் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். தேசிய அணியில் ஆண்டுக்கணக்காகப் பின்களத்தில் ஆடிவந்த கிரிஸ்டல் டன்னை ஹேய்ஸ் முன்களத்துக்குக் கொண்டுவந்ததன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மெக்சிகோ ஆட்டத்தை ஒட்டித்தான் காட்டரீனா மக்காரியோ முழங்கால் தொல்லையால் விலகினார். காத்திருப்பில் இருந்த லின் வில்லியம்ஸ் 18 பேருக்குள் வந்தார். எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுமி, 18 பெயர்களையும் நீல மையால் எழுதிய அட்டையைப் பிடித்திருந்தாள். அதில் ஒரு பெயர்மீது ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் இடம் போதாமல் செங்குத்தாக, சிவப்பு மையில் வேறொரு பெயரை எழுதியிருந்தாள். அட்டையை மாற்ற நேரமில்லை போலும்.

ஜெர்சி13 எழுதியது:

எல்லாரும் இனிமையாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பைக் கலக்கிறேன்.

ஜூன் 26 அன்று பட்டியல் வந்தபோது அதில் அலெக்ஸ் மோர்கன் இல்லை. 2012 லண்டனில் தங்கம், 2015லும் 2019லும் உலகக் கோப்பை. அப்படிப்பட்ட ஒருவரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை என் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று இரவுவரை செய்தியை மறைத்து வைத்திருந்தேன். ஜூலை 16 அன்று வாஷிங்டனின் ஆடி ஃபீல்டில் நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்தோம். மகள் மோர்கனின் 13ஆம் எண் ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்றாள். அது எதிர்ப்பா பாசமா என்று நான் விசாரிக்கவில்லை.

கோஸ்டா ரிகாவுடன் ஆட்டம். அமெரிக்கா கோலை நோக்கி அடித்துக்கொண்டே இருந்தது. நொயெலியா பெர்மூதெஸ் என்ற கோல்கீப்பர் பிடித்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 12 பந்துகளைத் தடுத்தார். 0-0. ஒன்பது நாளில் ஒலிம்பிக் தொடங்கவிருக்கும் அணியை ஒரு கோல்கூட இல்லாமல் வழியனுப்புவது எப்படி இருக்கும் என்றால், ஊருக்குப் புறப்படுகிறவர் வாசலில் தலை இடித்துக்கொண்டதைப் பார்ப்பது போல இருந்தது. கை தட்டினோம்; தட்டிய கையில் உறுதி இல்லை.

ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் கம்பியோரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். மகள் ஜெர்சியைக் கழுத்தருகே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். வந்தவர் யார் என்று சொல்லப்போவதில்லை. அவர் பேனாவை வாங்கியவர், எண்ணைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். "இதிலேயா?" என்று கேட்டார். மகள் தலையாட்டினாள். அவர் குனிந்து, எண்ணுக்கு அருகில் எங்கும் பேனாவைக் கொண்டுபோகாமல், கீழ்த் தையலின் ஓரத்தில், ஒரு விரல்கடை இடத்துக்குள் சிறியதாகக் கையெழுத்திட்டுவிட்டு நகர்ந்தார். ஜெர்சியை உள்ளே செருகிக்கொண்டால் அந்தக் கையெழுத்து வெளியே தெரியாது.

அதற்காக ஹேய்ஸின்மீது என் குறை தீர்ந்துவிடவில்லை. பட்டியலை அவ்வளவு கறாராக வெட்டியவர், பிரான்சில் ஏறக்குறைய ஒரே பதினொருவரைத்தான் மறுபடி மறுபடி இறக்கினார். ஜப்பானுடன் காலிறுதியும் ஜெர்மனியுடன் அரையிறுதியும் கூடுதல் நேரத்துக்குப் போயின. இரண்டையும் 1-0 என்று மூச்சுத் திணறித்தான் வென்றார்கள். பந்துபொறுக்கி சொன்ன அந்த ஐந்து தடவை எழுந்தவரை ஆறாவது தடவை இறக்கியிருக்கலாமே? தங்கம் வந்துவிட்டதால் இந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் நான் கேட்டு வைக்கிறேன்.

பழைய மாணவன் எழுதியது:

பட்டியலில் இடம் இல்லை என்று அனுப்பப்பட்ட ஒருவர் என்ன செய்வார் என்பதற்கு என்னிடம் ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது.

1996இல் நான் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவன். ஒலிம்பிக்கில் மகளிர் கால்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. போட்டிகள் அட்லாண்டாவில் என்றாலும் கால்பந்தின் அரையிறுதிகளும் இறுதியும் எங்கள் ஏதென்ஸ் நகரின் சான்ஃபோர்டு மைதானத்தில் நடந்தன. அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கான மைதானம். களத்தைச் சுற்றிப் புகழ்பெற்ற ஒரு வேலிச்செடி வரிசை உண்டு. கால்பந்துக்குக் களத்தின் அகலம் போதவில்லை என்று அதையே பெயர்த்து எடுத்தார்கள். ஊரில் பலருக்கு ஒலிம்பிக் வருகிற மகிழ்ச்சியைவிட வேலிச்செடி போன துக்கம்தான் பெரிதாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அன்றைய அணியில் 16 பேருக்குத்தான் இடம். ஜனவரியிலிருந்தே ஃபுளோரிடாவில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி செய்தார்கள். அதற்கு முன்பே பயிற்சியாளர் டோனி டிச்சிக்கோ, ஷானன் மெக்மிலனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பிறகு ஊக்கத்தொகை தொடர்பாகச் சம்மேளனத்துடன் மூத்த வீராங்கனைகள் ஒன்பது பேருக்குத் தகராறு வந்து அவர்கள் முகாமுக்கு வெளியே நிற்க, ஆள் தேவைப்பட்டு மெக்மிலனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மூத்தவர்கள் சமாதானமாகி வந்த பிறகும் அவர் நிலைத்துவிட்டார்.

நான் அரையிறுதியில் இருக்கை காட்டும் தன்னார்வலனாக நின்றேன். எதிரணி நார்வே, முந்தைய ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் அமெரிக்காவை வீழ்த்திவிட்டு, ஒருவர் கணுக்காலை அடுத்தவர் பிடித்துக்கொண்டு ரயில்போல் களத்தில் ஊர்ந்து காட்டியவர்கள். 1-1 என்று சமநிலையாகிக் கூடுதல் நேரம் வந்தது. முதலில் கோல் போடுகிறவர் வென்றார் என்பது அன்றைய விதி. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் தம் இடத்தைத் தவறவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டு அதிர்ந்தது. நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 100ஆவது நிமிடம், மெக்மிலன். கோல் விழுந்தபோது களத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள் அந்த மைதானத்திலேயே நாங்கள் இருவராகத்தான் இருப்போம். பெரியவர் என்னை மன்னிக்கவில்லை; நானும் அவரை மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, இறுதி ஆட்டம், எதிரே சீனா. 76,489 பேர். இந்தத் தடவை பணியை இன்னொருவனிடம் தள்ளிவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மியா ஹாம் அடித்த பந்தைச் சீனக் கோல்கீப்பர் தட்ட, அது கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஓடிவந்து உள்ளே தள்ளியவர் மறுபடியும் மெக்மிலன். சுன் வென் சமன் செய்தார், டிஃபனி மில்பிரெட் இரண்டாவது கோலைப் போட்டார், 2-1. கணுக்கால் வலியோடு ஆடிய ஹாமைக் கடைசி நிமிடத்தில் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். வேறு மாநிலத்தில் இருந்த என் நண்பனுக்கு அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் காட்டினார்கள் என்பதால், இறுதிப் போட்டியின் பெரும்பகுதியை அவன் என் வாயால்தான் பார்த்தான்.

வெண்பனி எழுதியது:

ஐயா, நீங்கள் தவறவிட்ட கோலுக்காக உங்களைவிட எனக்குத்தான் இப்போது அதிக வருத்தம்.

ஜெர்சி13 அவர்களே, என் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று கொண்டாடிய யோஹானஸும் அந்தப் பட்டியலில் இல்லை. நெதர்லாந்தில் வளர்ந்த அவர் எந்த நாட்டுக்கு ஆடுவது என்று அப்போது முடிவு செய்திருக்கவில்லை; அமெரிக்காதான் என்று அறிவித்தது நவம்பரில்.

பந்துபொறுக்கி சொன்ன விளக்கத்தை மகளிடம் அன்றே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகஸ்ட் 10 அன்று பிரேசிலுடனான இறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மெலோரி ஸ்வான்சன் 57ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் அலிசா நேயர் ஒற்றைக் கையால் ஒரு பந்தைத் தடுத்தபோது நான் கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்துவிட்டார். ஆட்டம் முடிந்தது, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கொடியைப் போர்த்திக்கொண்டார்கள். மகள் திரையின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஆடாதவங்க எப்போ ஓடுவாங்க?"

"இன்னைக்கு ஓட வேண்டாமாம்" என்றேன். அவள் நம்பவில்லை. பதக்கம் வாங்கிக்கொண்டு வந்து ஓடுவார்கள் என்று தானே முடிவு செய்துகொண்டு, ஒளிபரப்பு முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.