கோடு வழுக்கினால் கையைத் திட்டாதீர்கள், உளியின் குதியைப் பாருங்கள்

உலோகத் தகட்டில் உளியைக் கையால் தள்ளிக் கோடு செதுக்கப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது: உளி ஏன் வழுக்குகிறது, முனை ஏன் உடைகிறது? பெரும்பாலும் சாணையில்தான் கோளாறு. பொது வேலைக்கு 120 டிகிரி 'வி' உளி, முகம் (முனையின் முன்பக்கச் சரிவு) 45 டிகிரி. முனைக்கு அடியில் இருபக்கமும் தீட்டும் இரண்டு குட்டிப் பட்டைகள்தான் குதி. அது 15 முதல் 20 டிகிரி. குதி இல்லாவிட்டால் பிடியும் விரலும் தகட்டில் இடிக்கும், முனை உலோகத்தில் இறங்காது.

குதியின் நீளம் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சுருள்கொடி மாதிரி இறுக்கமான வளைவுக்கு 0.3 போதும். நீண்டுவிட்டால் வளைவில் குதியின் பின்பக்கம் வெளிச்சுவரை உரசும். கோட்டின் வெளி ஓரத்தில் மட்டும் நசுங்கின தடம் தெரிந்தால் அதுதான் காரணம். முனை மழுங்கும்போதெல்லாம் குதியை மட்டும் தீட்டினால் அது வளர்ந்துகொண்டே போகும். முகத்தைத் தீட்டிக் குதியைக் குறைத்துக்கொண்டு, பிறகு குதியைப் புதிதாக எடுக்க வேண்டும்.

•

மேலே சொன்னதோடு தீட்டும் வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். 600 நம்பர் வைரச் சாணைத் தட்டில் முகம், 1200-இல் அதே முகம். குதிக்கு 1200-இல் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு, அவ்வளவுதான். அப்புறம் பீங்கான் தட்டில் அரை மைக்ரான் வைரப் பசை தடவிக் குதியை மெருகேற்றவும். கோட்டின் சுவர் கண்ணாடிபோல் மின்னுவது இந்த மெருகால்தான். குதியில் கீறல் இருந்தால் அத்தனையும் வெள்ளியில் அச்சாக விழும். கடைசியில் முகத்தை ஒரே ஒருமுறை லேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, 10 மடங்கு லென்ஸில் முனையைப் பார்க்கவும். முனையில் வெள்ளைப் புள்ளியாக வெளிச்சம் திரும்பினால் இன்னும் மழுங்கல்தான்.

மின்சாணையில் பிடிப்பவர்கள் கவனம். கார்பன் எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. நீலம் ஏறின பகுதியை முழுக்கத் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும். ஹைஸ்பீடு எஃகு சூடு தாங்கும். கார்பைடுக்கு வைரச் சாணை வேண்டும். முனை நாள்பட நிற்கும், ஆனால் பக்கவாட்டில் நெருக்கினால் பட்டென்று தெறித்துவிடும்.

•

இனி பிடியைப் பற்றி. பிடியின் குமிழ் உள்ளங்கைக் குழியில் உட்கார, உளிமுனை கட்டைவிரலைத் தாண்டி சுமார் 2 செ.மீ. நீட்டினால் போதும். கடையில் வாங்குகிற உளி பெரும்பாலும் நீளம் அதிகம். பின்பக்கத்தை வெட்டிக் கைக்கு அளவாக்காமல் பழகுவது வீண் பாடு. கட்டைவிரல் தகட்டில் ஊன்றி நிற்கும், அதுதான் பிரேக். வளைவுக்கு உளியைத் திருப்பாமல், இடது கையால் வேலைப்பொருளைத் திருப்ப வேண்டும். உருண்டை வைஸ் (வேலைப்பொருளைக் கவ்விச் சுழலும் பிடிப்பான்) இல்லாவிட்டால், கட்டையில் அரக்கை உருக்கித் தகட்டைப் பதித்து, தோல் மணல்மூட்டைமேல் வைத்துச் சுழற்றலாம். அரக்கு முழுக்க ஆறட்டும். சூடு இருக்கும்போதே தள்ளினால் தகடு நகரும்.

கோட்டை முடிக்கும்போது பிடியைத் தாழ்த்தினால் முனை தானாக மேலேறி வெளிவரும். ஆழத்தில் இருக்கும்போதே நெம்பினால் முனை உள்ளேயே முறியும். எஃகில் வெட்டுவதானால் முகத்தை 50, 55 டிகிரிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

•

பழக ஒன்றரை மில்லிமீட்டர் செம்புத் தகடு நல்லது. செம்பு கொஞ்சம் பிசுக்குக் குணம், ஓரத்தில் பிசிறு எழும்பும். உளிமுனையில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டால் சீராக ஓடும். பித்தளையில் சீவல் உடைந்து உடைந்து வரும், கோடு சுத்தமாக விழும். அலுமினியம் வேண்டாம், முனையில் அப்பிக்கொள்ளும்.

வெட்டத் தொடங்குமுன் உளியை எடையில்லாமல் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வையுங்கள். பிடித்து நின்றால் கூர் சரி. சறுக்கினால் மறுபடி சாணைத் தட்டில் தீட்டுங்கள். மழுங்கின உளிக்குத்தான் அழுத்தம் அதிகம் கொடுப்போம், அது சறுக்கினால் நேரே இடதுகைக்குத்தான் போகும். உளி ஓடும் பாதையில் அந்தக் கை இருக்கவே கூடாது.