பெரியப்பாவின் வாடகை நோட்டு

குழு: தாம்வே வீடு (யாங்கோன், பர்மா)
28 டிசம்பர் 2025, ஞாயிறு

வியாசர்பாடி சித்தி, 5:40
எல்லோருக்கும் வணக்கம். கேப்டன் விஜயகாந்த் போய் இன்றோடு இரண்டு வருடம். காலையில் கோயம்பேட்டில் அவர் சமாதிக்குப் போய் வந்தேன். நல்ல கூட்டம். அன்றைக்குத் தீவுத்திடலில் வரிசையில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய மாமா இங்கே இருந்திருந்தால் அழுதே இருப்பார்.

மௌல்மீன் அத்தை, 5:52
எங்கள் பேரிலும் கும்பிட்டாயா? அண்ணன் இன்னும் குழுவுக்கு வரவில்லையே.

நான், 5:55
பெரியப்பா வீட்டில் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை அத்தை. போனில் சார்ஜ் இருந்தால் வருவார்.

பெரியப்பா, 6:21
வந்துவிட்டேன். இணையத் தடையைத் தாண்டும் வி.பி.என் இப்போதுதான் பிடித்தது. சித்தி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மனசு கனத்துப்போச்சு.

தம்பி, 6:34
பெரியப்பா, இன்றைக்குச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சண்டைப் படத்தில் நான் இல்லை. முழங்கால் ஆறட்டும், காத்திருக்கிறோம் என்றார்கள். வேறு டூப்பை வைத்து எடுத்து முடித்துவிட்டார்கள். பழைய பாக்கியும் வரவில்லை. 27 வயதில் இந்தத் தொழில் முடிந்தது என்றே நினைக்கிறேன். பாங்காக் போய்க் கடை வேலை பார்க்கப்போகிறேன்.

மௌல்மீன் அத்தை, 6:37
ஐயோ ராசா. கால் எப்படி இருக்கிறது? அதை முதலில் சொல்.

தம்பி, 6:39
நடக்கிறேன் அத்தை. படி இறங்கும்போது மட்டும் வலி.

நான், 6:42
கேப்டனுக்கு எத்தனை படம் ஓடாமல் போனது! விடாமல் நின்றாரே. நீயும் கொஞ்சம் பொறுத்துப் பார்.

பெரியப்பா, 6:58
அம்மாடி, நீ சொன்னது பாதிதான் சரி. விடாமல் நின்றார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நின்றதால் மட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. என் பழைய கேசட் வாடகை நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. டார்ச் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா, 7:06
தம்பிக்குத் தெரியாது. நான் தாம்வேயில் வீடியோக் கொட்டகை வைத்திருந்தேன். ஒரு டிவி, ஒரு டெக், ஐந்து பாய். கப்பலில் வேலை பார்த்த நம் ஆட்கள் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேசட் கொண்டுவருவார்கள். எந்தப் படத்துக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பேன். 1981-இல் வந்த சட்டம் ஒரு இருட்டறை படம்தான் அவரை ஊருக்குக் காட்டியது. அதன் கேசட் தேய்ந்தே போய்விட்டது. அப்புறம் 1984. அந்த ஒரே வருடத்தில் அவருக்கு 18 படம்! எனக்கு ஏழு கேசட் வந்தது. முதல் இரண்டுக்குப் பாய் நிறைந்தது. நாலாவதுக்கு இரண்டு பாய் காலி. ஆறாவதுக்கு நானும் என் தம்பியும் மட்டும்தான். மாதத்துக்கு ஒரு படத்துக்கும் மேல் வந்தால் யார்தான் பார்ப்பது? உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அதே கோபம், அதே அடி, சட்டையின் நிறம்தான் வேறு.

மௌல்மீன் அத்தை, 7:10
அண்ணே, அந்த வருடம்தானே வைதேகி காத்திருந்தாள்? அதை விட்டுவிட்டீர்களே. எனக்குச் சண்டைப் படமே பிடிக்காது. அந்தப் படத்தை மட்டும் நான்கு தடவை பார்த்தேன்.

பெரியப்பா, 7:14
அதைத்தான் சொல்ல வந்தேன். சண்டைக்காரனைத் துக்கத்தோடு உட்காரவைத்த படம் அது. பெண்கள் கொட்டகைக்கு வந்ததே அதற்குத்தான். 1986-இல் அம்மன் கோயில் கிழக்காலே வந்தது. அதே வருடம் ஊமை விழிகள். திரைப்படக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன், அரவிந்தராஜ் எல்லாம் அப்போது புது ஆட்கள். இவருக்கு 34 வயதுகூட ஆகவில்லை. தன்னைவிட வயதான போலீஸ் அதிகாரி வேடம். வேறு நாயகனாக இருந்தால் யோசித்திருப்பான். இவர் போய் நின்றார். அந்த வாரம் ஐந்து பாய் போதாமல் பக்கத்து வீட்டுப் பாயையும் வாங்கிப் போட்டேன்.

வியாசர்பாடி சித்தி, 7:17
இங்கேயும் அப்படித்தான் மாமா. அந்தப் படத்துக்குப் பிறகுதான் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சினிமாவில் மரியாதை வந்தது.

பெரியப்பா, 7:29
1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. இரண்டாவது டிவிக்குச் சேர்த்த பணம் மொத்தமும் காகிதமாயிற்று. உழவன் மகன் கேசட் கையில் வந்தபோது யாரிடமும் காசு இல்லை. ஒரு டம்ளர் அரிசி கொடுத்துப் படம் பார்த்தார்கள். உங்கள் பெரியம்மா அந்த அரிசியில்தான் சமைத்தாள். 1988-இல் கொட்டகையை மூடினேன். நானும் ஊரை விட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். மறுபடி திறந்தது 1991-இல், கேப்டன் பிரபாகரனுக்காக. அவருடைய நூறாவது படம். ரஜினிக்கும் கமலுக்கும் நூறாவது படம் கைகொடுக்கவில்லை. இவருக்கு ஓடியது. கேப்டன் என்ற பெயரும் அதிலிருந்துதான் வந்தது. இயக்கியவர் செல்வமணி. முந்தைய வருடம் வந்த புலன் விசாரணைதான் அவருக்கு முதல் படம், அதிலும் இவர்தான் நாயகன்.

தம்பி, 7:33
பெரியப்பா, அந்தச் சுவர் உதை. ஒரு காலைச் சுவரில் ஊன்றி மறுகாலைச் சுற்றி அடிப்பாரே, அதைச் சின்ன வயதிலிருந்து பழகினேன். ஊன்றிய காலும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். கால் பிந்தினால் திருகல் முழுதும் முழங்காலில் இறங்கும். எனக்குப் போனது அப்படித்தான். ஒத்திகைக்கு நேரமே தரவில்லை, நேராக ஷாட் என்றார்கள். அவர் எத்தனை படத்தில் அதைச் செய்திருக்கிறார்!

பெரியப்பா, 7:36
இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. 40 வருடமாகப் பார்க்கிறேன்.

மௌல்மீன் அத்தை, 7:41
ஆனால் அண்ணே, 90-களின் பின்பாதியில் மறுபடி அதே போலீஸ் சட்டைதானே? நீங்களே அலுத்துக்கொண்டீர்கள்.

பெரியப்பா, 7:52
ஆமாம், மறுக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கங்கள் ஒல்லியாகத்தான் இருக்கின்றன. 2000 பொங்கலுக்கு வானத்தைப்போல வந்து, அண்ணனாகவும் தம்பியாகவும் நடித்து, குடும்பத்தோடு ஆட்களைத் திரும்பக் கூட்டிவந்தார். அடுத்த வருடம் நரசிம்மாவில் மறுபடி சறுக்கல். 2002 தீபாவளிக்கு ரமணா. 50 வயதில் பேராசிரியர் வேடம். கையை ஓங்குவதைவிடப் பேசுவது அதிகம். இயக்குநர் முருகதாஸுக்கு அது இரண்டாவது படம்தான். மறு வருடமே தெலுங்கில் சிரஞ்சீவி அதை எடுத்து நடித்தார். பார்த்தாயா தம்பி, எழுந்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு புது ஆள், உடம்பில் வேறு ஒரு வேடம். விழுந்த தடவையெல்லாம் பழைய அடியையே திரும்ப அடித்தார். எனக்கு உயிரான நடிகர். அதனால்தான் இதை மறைக்க மனசு வரவில்லை.

நான், 7:55
அப்புறம் அரசியல்.

பெரியப்பா, 7:57
2011-இல் அவர் கட்சிக்கு 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர். 2016-இல் ஒரு இடமும் இல்லை. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தம்பி, 8:10
ஒரு விஷயம் சொல்லாமல் வைத்திருந்தேன். குறும்படம் எடுக்கும் பையன்கள் மூன்று பேர், எல்லோரும் 20, 21 வயது. சண்டையை நான் அமைத்துத் தர வேண்டுமாம். நான் குதிக்க வேண்டாம், நடிப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமாம். சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும். முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன்.

வியாசர்பாடி சித்தி, 8:12
சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானா என்று கேள் கண்ணு. கேப்டன் செட்டில் லைட் தூக்குகிறவருக்கும் அவருக்கும் ஒரே இலை. அப்படிப் போடுகிற பிள்ளைகளாக இருந்தால் போ.

மௌல்மீன் அத்தை, 8:14
பாங்காக் எங்கேயும் ஓடிப்போகாது. ஒத்திகைக்கு எத்தனை நாள் தருவார்கள்?

தம்பி, 8:19
கேட்டேன் அத்தை. நான் எத்தனை நாள் கேட்டாலும் தருவார்களாம்.

பெரியப்பா, 8:26
எனக்கு இன்று இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை கரண்ட் முறை. ஊமை விழிகள் போடுகிறேன். அந்தப் பையன்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வா. பர்மியப் பிள்ளைகளாக இருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்கிறேன். பெரியம்மா அத்தோ நூடுல்ஸ் கலக்குகிறாள்.

தம்பி, 8:28
அழைத்துவருகிறேன் பெரியப்பா. பாயில் உட்கார முடியாது, எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.