புதுப்பிப்பு: தேக்குப் பலகையில் எழுத்து ஒரு பக்கம் தடித்த பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) 'யாழகம்' என்று வீட்டுப் பெயர் செதுக்கினால் 'யா' மெலிந்தும் 'ம்' தடித்தும் வருகிறது, ழ-வின் சுழிக்குள் நிற்கும் சின்னத் திட்டு பெயர்ந்துவிடுகிறது. இப்போது இரண்டும் சரி.

முதல் கோளாறு மென்பொருளில் இல்லை, பலகையில்தான். இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. வி-பிட் என்பது V வடிவ முனை கொண்ட வெட்டும் அலகு, அதில் ஆழம் கூடினால் அகலமும் கூடும். முனைக் கோணம் 90 டிகிரி உள்ள பிட் அரை மில்லி அதிகம் இறங்கினால் கோட்டின் அகலம் 1 மில்லி கூடிவிடும். 60 டிகிரி பிட்டில் சுமார் 0.6 மில்லிதான். அதனால் பலகையை மேசையில் இறுக்கியபின் அகலமான பிட்டால் மேற்பரப்பை ஒருமுறை சீவி, அந்தத் தளத்திலேயே இசட் பூஜ்யம் (ஆழத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) வைத்து, 60 டிகிரிக்கு மாறினேன்.

அப்புறம் ழ. அந்தத் திட்டில் மர இழை ரொம்பக் குட்டையாக நிற்கிறது, பிடிப்பு இல்லை. எழுத்துருவில் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். செதுக்கும் முன் நீர்க்க ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) இரண்டு பூச்சு, புது பிட், கடைசி ஓட்டத்தில் 0.2 மில்லி மட்டும் வெட்டு. திட்டு அப்படியே நின்றது! அந்த ஷெல்லாக்கால், எழுத்துக்குள் பூசிய கறுப்பு பெயின்ட்டும் இழைக்குள் கசியவில்லை. காய்ந்ததும் 180 எண் உப்புத்தாள் போட்டேன், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது.

"பலகையை முதலில் பாருங்க" என்று சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.