மறு: புரோகிரசிவ் மோட்டிலிட்டி – ‘முன்னகர்வு’ சரிவருமா?

> நம் கலைச்சொல் பட்டியலில், விந்துப் பரிசோதனை அறிக்கையில் வரும் மோட்டிலிட்டிக்கு (விந்தணு அசைவதற்கு) ‘உயிர்ப்பு’ என்று போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

‘உயிர்ப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே வேறொரு சோதனைக்கு வேண்டியிருக்கிறது. அசையாமல் கிடக்கும் விந்தணு செத்ததா, உயிரோடுதான் கிடக்கிறதா என்று பார்க்க இயோசின் சாயம் சேர்ப்பார்கள். செத்தது சாயத்தைக் குடித்துச் சிவக்கும். உயிருள்ளது வெளுப்பாகவே இருக்கும். உயிரோடிருந்தும் அசையாதவை நிறைய என்றால் வாலின் அமைப்பிலேயே கோளாறு இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மருத்துவர் தேடுகிற தடயமே மறைந்துவிடும்.

என் பரிந்துரை: மோட்டிலிட்டிக்கு ‘அசைவு’, முன்னோக்கி நீந்துவது (புரோகிரசிவ்) என்றால் ‘முன்னகர்வு’, நின்ற இடத்திலேயே துடிப்பது ‘இடத்தசைவு’.

இதோடு முடியவில்லை. உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் ஆறாம் பதிப்பு (2021) முன்னகர்வை மறுபடியும் இரண்டாகப் பிரித்திருக்கிறது. நொடிக்கு 25 மைக்ரோமீட்டர் வேகம்தான் எல்லை. 2010 பதிப்பில் இந்தப் பிரிவு கிடையாது. வேகத்தைக் கண்ணால் துல்லியமாகக் கணிப்பது கடினம் என்று அதை நீக்கியிருந்தார்கள். அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை என்பது வேறு விஷயம். விந்து மாதிரி வைத்த கண்ணாடித் தகடு ஆறினாலே விந்தணு மெதுவாகிவிடும். 37 பாகையில் வைத்துப் பார்க்காத ஆய்வகத்தின் எண்ணை நம்ப முடியாது.

வேகமானதற்கு ‘விரை முன்னகர்வு’ என்று எழுதத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம், இந்தத் துறையில் விரை என்றால் உறுப்பு! ‘வேக முன்னகர்வு’, ‘மெது முன்னகர்வு’ போதும்.

*

> நின்ற இடத்திலேயே துடிப்பது ‘இடத்தசைவு’.

விரையை நினைத்துச் சிரித்துவிட்டேன். சரி, உயிர்ப்பை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் சின்ன வட்டமடித்து நீந்துவதும் இதே வகையில்தான் வரும், அது ஓரிடத்தில் நிற்பதில்லையே. ‘முன்னேறா அசைவு’ என்றால் இரண்டும் அடங்கும்.

அப்புறம், நம் பட்டியலில் முன்னகர்வு 30 விழுக்காடு, மொத்த அசைவு 42 விழுக்காடு என்ற எண்களுக்கு நேரே ‘இயல்பளவு’ என்று ஏறியிருக்கிறது. அது தவறு. ஓராண்டுக்குள் துணைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, கடைசி 5 விழுக்காட்டினரைப் பிரிக்கும் கோடு அது. அதற்குக் கீழே இருப்பவர்களும் தகப்பனாகியிருக்கிறார்கள். மேலே இருப்பதாலேயே குறையில்லை என்றும் ஆகாது. ‘கீழெல்லை’ என்று மாற்றிவிடலாமா?