பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் இடத்தில் விசுவாசத்தைக் காப்பது எப்படி?

கேள்வி (தண்டையார்பேட்டை):
துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வந்த மூட்டைகளைக் குறைத்து எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் 'அல்லேலூயா' என்று கேலி செய்கிறார்கள். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. உடனே விலகுவதுதான் விசுவாசமா?

பதில் (ராயபுரம்):
சகோதரரே, ராஜாவின் போஜனத்தால் தம்மைத் தீட்டுப்படுத்தலாகாதென்று தீர்மானித்த, வேதாகமத்தில் வரும் யூத வாலிபர் தானியேல், பாபிலோனின் பணியை உதறிவிடாமல், அதிகாரியிடம் பணிவாகப் பேசி 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி வேண்டினார். பின்னர் தரியு ராஜாவின் காலத்தில் அவர்மேல் குற்றம் தேடியவர்களுக்கு அவருடைய அரசுப் பணியில் ஒரு குறையும் அகப்படாததால், அவருடைய ஜெபத்தையே குற்றமாக்கும் கட்டளையைப் பிறப்பிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே பொய்க் கணக்கை மட்டும் மறுத்து, மற்ற வேலைகளைப் பழுதின்றிச் செய்யுங்கள். கேலியைப் பொருட்படுத்த வேண்டாம்.

பதில் (பெரம்பூர்):
ஒபதியாவையும் பாருங்கள். இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரராக இருந்துகொண்டே, ராஜாவின் மனைவி யேசபேல் கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைச் சங்கரித்தபோது, 100 பேரை ஐம்பது ஐம்பதாகக் கெபிகளில் (குகைகளில்) ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தார். 'சமாளித்துக்கொள்ளலாம்' என்பதற்கு இவரை ஆதாரம் காட்டுவோரை எனக்குப் பிடிப்பதில்லை. அவர் அந்தக் கொலைக்குத் துணைபோகவில்லை.

பதில் (வியாசர்பாடி):
முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். அதே வேளையில் வேறு வேலையும் தேடுங்கள். உங்கள் சபை ஆயரிடம் சொல்லிவைத்தால், ஆள் தேவைப்படுகிற இடம் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.